திரைப்படக் கவசங்களையும் தலைக்கவசங்களையும் கையால் செய்வது: எங்கே தொடங்குவது, எதில் கவனம் வைப்பது

திரைப்படங்களில் வரும் கவசங்களையும் தலைக்கவசங்களையும் அதே தோற்றத்தில் கையால் செய்து அணிய விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். இதற்கு முன் இத்தகைய வேலை எதுவும் செய்ததில்லை என்றும் சொல்லி, எந்தப் பொருளில் தொடங்குவது, 3டி பிரிண்டர் வாங்கித்தான் ஆக வேண்டுமா, கை பழகிய பின் செய்து விற்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமான பதில் இதுதான்: முதல் கவசத்தை ஈவிஏ ஃபோம் என்ற நுரைத் தகட்டில் செய்யுங்கள், பிரிண்டரை இப்போதைக்கு வாங்க வேண்டாம், விற்பனை பற்றிய பதில் சற்றுச் சிக்கலானது என்பதால் அதைக் கடைசியில் சொல்கிறேன். இந்த மூன்றையும்விட முக்கியமான இன்னொரு கேள்வி உண்டு, புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அதைக் கேட்பதே இல்லை: இந்தக் கவசம் யாருடைய உடம்புக்கு? பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்தும் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். நான் பார்த்தவரை, ஒரு கவசம் எடுபடாமல் போவதற்குப் பொருள் காரணமாக இருப்பது அரிது; அளவுதான் காரணமாக இருக்கும். ஆகவே இந்தப் பதிலில் அளவு பற்றியே அதிகம் பேசப் போகிறேன்.

திரையில் ஒரே கவசமாக நாம் பார்ப்பது படப்பிடிப்புத் தளத்தில் ஒரே பொருளாக இருப்பதில்லை. கேமரா நெருங்கி வரும் காட்சிகளுக்கு நுணுக்கமாக முடிக்கப்பட்ட பிரதி ஒன்றும், சண்டைக் காட்சிகளுக்கு இலேசான, அடிபட்டாலும் உடையாத பிரதிகள் சிலவும், தூரத்தில் நிற்கும் துணை நடிகர்களுக்கு இன்னும் எளிமையானவையும் தனித்தனியாகச் செய்யப்படுகின்றன. 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஸ்டார்ம்ட்ரூப்பர் வீரர்கள் அணிந்த வெள்ளைக் கவசங்கள், சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை ஓர் அச்சின்மேல் உறிஞ்சிப் படியவைக்கும் வாக்யூம் ஃபார்மிங் முறையில் செய்யப்பட்டவை. அந்தத் தலைக்கவசத்தின் கன்னங்களில் உள்ள சிறு கோடுகள் தூரிகையால் கையில் தீட்டப்பட்டவை. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. அதே படத்தில் டார்த் வேடர் என்ற வில்லனின் முகமூடியும் இரு பக்கமும் ஒத்திராத ஒன்றுதான். அது முழுக் கறுப்பு என்று நாம் நினைக்கிறோம், உண்மையில் கறுப்பும் அடர்சாம்பல் உலோக நிறமும் பகுதி பகுதியாகத் தீட்டப்பட்டிருந்தன. இன்னொரு பக்கம், 1981-இல் வந்த 'எக்ஸ்காலிபர்' படத்துக்குக் கவசக் கலைஞர் டெரி இங்கிலீஷ் அலுமினியத் தகட்டை அடித்து வளைத்தே கவசங்கள் செய்தார். திரைப்படக் கவசத்துக்கென்று ஒரே பொருளோ ஒரே முறையோ எந்நாளும் இருந்ததில்லை என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன். அந்தந்தக் காட்சிக்கு எது போதுமோ அதையே அந்தக் கலைஞர்கள் செய்தார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம்.

இதிலிருந்து வரும் முதல் கட்டளை, ஒரு படத்தின் ஒரு பிரதியை மட்டும் தேர்ந்தெடுங்கள் என்பது. ஸ்டார் வார்ஸ் தொடரில் வரும் போபா ஃபெட் என்ற பாத்திரத்தின் முன்கைக்கவசங்கள் 1980-ஆம் ஆண்டுப் படத்தில் பச்சைச் சாயலிலும் 1983-ஆம் ஆண்டுப் படத்தில் செந்நிறத்திலும் இருக்கின்றன. இரண்டு படங்களின் புகைப்படங்களையும் ஒரே கோப்பில் கலந்து வைத்துக்கொண்டு வேலை செய்பவர், தாம் எந்தப் படத்திலும் இல்லாத ஒரு மூன்றாவது கவசத்தைச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதை வண்ணம் பூசி முடித்த பிறகுதான் அறிவார். தேர்ந்த பிரதியின் முன், பின், பக்கவாட்டு, மேற்புறத் தோற்றங்களைத் தனித்தனியே சேகரியுங்கள். புகைப்படத்தை அளவுகோலாகக் கொள்ளும்போது லென்ஸைப் பற்றிய நினைவு இருக்க வேண்டும். அருகிலிருந்து அகலக் கோணத்தில் எடுத்த படத்தில் மூக்குப்பகுதி பெருத்தும் காதுப்பகுதி சுருங்கியும் தெரியும். தூரத்திலிருந்து நீண்ட லென்ஸில் எடுத்த படமே உண்மையான விகிதத்துக்கு நெருக்கமாக இருக்கும். படத்தில் அளவு தெரிந்த பொருள் ஏதாவது இருந்தால் அது பெரும் உதவி. அந்த 1977-ஆம் ஆண்டுப் படத்தில் ஸ்டார்ம்ட்ரூப்பர் வீரர்கள் ஏந்திய துப்பாக்கிகள் ஸ்டெர்லிங் என்ற உண்மையான பிரிட்டிஷ் துப்பாக்கியை அடிப்படையாகக் கொண்டவை. அந்தத் துப்பாக்கியின் நீளத்தை எங்கும் தேடிப் பெற முடியும் என்பதால், அதைப் பிடித்திருக்கும் கையுறையின் அளவையும் அதற்கு மேலுள்ள முன்கைக்கவசத்தின் அளவையும் ஓரளவு துல்லியமாகக் கணக்கிட்டுவிடலாம்.

அடுத்தது உங்கள் உடம்பு. திரையில் கவசத்தை அணிந்த நடிகரின் உயரமும் தோள் அகலமும் உங்களுடையவை அல்ல. அவருக்குச் செய்த அளவை மில்லிமீட்டர் பிசகாமல் நீங்கள் எடுத்தாண்டால் தோற்றம் மாறிவிடும். விகிதத்தை எடுத்தாண்டால்தான் தோற்றம் நிற்கும். தலைக்கவசத்தில் இந்தப் பிழை மிகவும் வெளிப்படையாகத் தெரியும். தலை வசதியாக நுழைய வேண்டும் என்று கவசத்தைப் பெரிதாக்கிவிட்டு, மார்புக்கவசத்தையும் தோள்கவசத்தையும் உடம்போடு ஒட்டி இறுக்கமாகச் செய்துவிட்டால், அணிந்தவர் தலை பெருத்த பொம்மை போலத் தெரிவார். தலைக்கவசத்தின் வெளி அகலத்துக்கும் தோளின் மொத்த அகலத்துக்கும் உள்ள விகிதத்தைத் திரைப்படத்தின் நேர்முகப் படத்திலிருந்து முதலில் எடுங்கள். பிறகு தலைக்கவசத்தைத் தலைக்குப் பொருந்தும் அளவுகளிலேயே சிறிய அளவில் வையுங்கள். தோள்கவசத்தை அந்த விகிதம் வரும்வரை வெளியே தள்ளுங்கள். தோள் விரிந்து தெரிவதால் வரும் கம்பீரத்தை வேறு எந்த நுணுக்கத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

தலையை அளக்கும்போது நெற்றியைச் சுற்றிய அளவோடு நிறுத்திவிடக் கூடாது. காதுகளைச் சேர்த்த அகலம், மூக்கு நுனியிலிருந்து பின்மண்டை வரையான ஆழம், முகவாயிலிருந்து உச்சி வரையான உயரம் ஆகிய மூன்றும் வேண்டும்; கண்ணாடி அணிபவராக இருந்தால் கண்ணாடியோடு அளக்க வேண்டும். உள்ளே பஞ்சு வைக்க ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 மி.மீ. இடைவெளி விடுவது நல்லது. பலர் மறப்பது கழுத்துத் திறப்பை. தலைக்கவசத்தின் கீழ்வாய் வழியாக மூக்கும் காதும் நுழைய வேண்டும். உள்ளே தாராளமாக இடம் இருந்தும் வாய் குறுகிப்போனால் அந்தக் கவசத்தை இரண்டாக அறுத்துக் காந்தம் வைத்து மூட வேண்டிவரும். முழுத் தலைக்கவசத்தைச் செய்வதற்கு முன், நெற்றி மட்டத்தில் அதன் குறுக்குவெட்டு எப்படி இருக்குமோ அதே வடிவில் அட்டையில் ஒரு வளையமும், கழுத்துத் திறப்பின் வடிவில் இன்னொரு வளையமும் வெட்டித் தலையில் மாட்டிப் பாருங்கள். பிரிண்டரில் செய்பவர்களும் இதையே செய்கிறார்கள்: முழுதாக அச்சிடாமல், நெற்றி மட்டத்தில் 10 மி.மீ. உயரமுள்ள வளையத்தை மட்டும் அச்சிட்டு மாட்டிப் பார்த்து, பிறகு அளவை ஏற்றி இறக்குகிறார்கள். ஒரு மணி நேர வேலை, பல நாள் வேலையைக் காப்பாற்றும்.

உடம்புக்கான மாதிரித்தாள் எடுக்க நல்ல வழி, உள்ளாடையின்மேல் அணியப்போகும் உடையைப் போட்டுக்கொண்டு அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, அதற்கும் மேல் டக்ட் டேப் ஒட்டி, கவசத்தின் எல்லைக்கோடுகளை மார்க்கரால் உடம்பின்மீதே வரைந்துவிடுவது. இதற்கு இன்னொருவர் துணை கட்டாயம் வேண்டும். மார்பைச் சுற்றி ஒட்டும்போது மூச்சை உள்ளிழுத்து வைத்திருக்க வேண்டும், இறுக்கி ஒட்டக் கூடாது, முனை மழுங்கிய கத்தரியால்தான் வெட்டியெடுக்க வேண்டும். வெட்டியெடுத்த உறையை வரைந்த கோடுகளின்வழி துண்டாக்கி, வளைவான இடங்களில் சிறு வெட்டுகள் போட்டுத் தட்டையாக்கினால் அதுவே உங்கள் மாதிரித்தாள். தொடையையும் இடுப்பையும் நின்ற நிலையில் ஒருமுறையும் உட்கார்ந்த நிலையில் ஒருமுறையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். உட்காரும்போது தொடை பருக்கும்; நின்றபடி மட்டும் அளந்து செய்த தொடைக்கவசத்தை அணிந்து நாற்காலியில் உட்கார முடியாது.

இப்போது பொருளுக்கு வருகிறேன். ஈவிஏ ஃபோம் என்பது தரைவிரிப்புப் பாய்களிலும் காலணி அடிப்பாகங்களிலும் இருக்கும் அடர்த்தியான, மூடிய துளைகள் கொண்ட நுரைப்பொருள். 2 மி.மீ. முதல் 10 மி.மீ. வரையான தடிமன்களில் கிடைக்கிறது: 10 மி.மீ. அல்லது 6 மி.மீ. தகட்டில் கவசத்தின் உடலையும், 4 மி.மீ. மற்றும் 2 மி.மீ. தகடுகளில் மேற்பரப்பு அலங்காரங்களையும் செய்வது வழக்கம். கத்தி, சூடான காற்றை ஊதும் ஹீட் கன், கான்டாக்ட் சிமென்ட் எனப்படும் ரப்பர் பசை, உப்புத்தாள் ஆகிய நான்கும் இருந்தால் தொடங்கிவிடலாம். எடை குறைவு, விழுந்தால் உடையாது, தவறாக வெட்டிய துண்டை மறுபடி வெட்டிக்கொள்ளலாம். தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

முதல் வேலையாகத் தலைக்கவசத்தைத் தொடாதீர்கள். எல்லோருக்கும் அதுவே ஆசை, ஆனால் எல்லா வளைவுகளும் ஒரே இடத்தில் கூடுகிற மிகக் கடினமான துண்டும் அதுவே. முன்கைக்கவசத்தில் தொடங்குங்கள். அது ஒரு கூம்பின் பகுதி, சிறியது, இடக்கைக்கும் வலக்கைக்குமாக இரண்டு செய்ய வேண்டியிருப்பதால், முதலாவதில் கற்றதை இரண்டாவதில் உடனே சோதித்துப் பார்க்கலாம். அடுத்து தோள்கவசம், பிறகு மார்பு, கடைசியில் தலை.

தோள்கவசத்தை எப்படிச் செய்வது என்று சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் ஃபோம் வேலையின் எல்லா நுட்பங்களும் அதில் அடங்கியிருக்கின்றன. குவிந்த தோளை இலை வடிவமான மூன்று நான்கு துண்டுகளாகப் பிரித்து வெட்ட வேண்டும். கத்தியை ஒரே அழுத்தில் அடிவரை இறக்க முயலாமல், முதலில் மேலோட்டமாக ஒரு கோடு, அதன்மேல் இரண்டாவது, மூன்றாவது இழுப்பு என்று வெட்டினால் ஓரம் நேராக வரும். அலகு செங்குத்தாக நின்றால் வெட்டும் செங்குத்தாக இருக்கும். இரு துண்டுகள் கோணத்தில் சேர வேண்டிய இடத்தில் அலகை 45 பாகை சாய்த்து வெட்டினால் மூட்டு வெளியே பிளவின்றி மூடும். ஃபோம் கத்தியின் கூர்மையை விரைவில் தின்றுவிடும். ஓரம் பிய்ந்து வரத் தொடங்கினால் அலகைத் தீட்டவோ மாற்றவோ வேண்டும். வெட்டிய துண்டுகளை ஹீட் கன்னால் சீராகச் சூடாக்கினால் மேற்பரப்பு இலேசாகப் பளபளக்கத் தொடங்கும். துளைகள் மூடிக்கொள்வதன் அடையாளம் அது. அந்த நிலையில் துண்டை முழங்காலின்மீதோ உருண்டையான பாத்திரத்தின்மீதோ வைத்து அழுத்திப் பிடித்து ஆறவிட்டால் வளைவு அப்படியே நின்றுவிடும். ஒட்டுவதற்கு முன்பே வளைத்துவிடுவது முக்கியம். தட்டையான துண்டுகளைப் பசையின் பலத்தால் வளைத்து இழுத்துச் சேர்த்தால் சில மாதங்களில் மூட்டு வாய் பிளக்கும். பசையை இரு ஓரங்களிலும் மெல்லியதாகத் தடவி, விரலால் தொட்டால் ஒட்டாமல் பிசுபிசுக்கும் பதம் வரும்வரை காத்திருந்து பிறகு சேர்க்க வேண்டும். சேர்த்த கணமே பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது என்பதால் முதலில் இரு முனைகளையும் அடுத்து நடுவையும் பொருத்தி, இடைப்பட்ட பகுதிகளை விரலால் கிள்ளிக்கொண்டே வர வேண்டும். மூட்டுக் கோட்டில் மிஞ்சும் சிறு இடைவெளியை வளையும் தன்மையுள்ள அக்ரிலிக் கால்க் என்ற அடைப்புப் பசை கொண்டு நிரப்பி, ஈரவிரலால் தேய்த்துச் சமப்படுத்தினால் வண்ணத்துக்கு அடியில் கோடு தெரியாது.

காகிதத்தில் செய்யும் முறை ஒன்றும் உண்டு. கணினியில் உள்ள முப்பரிமாண வடிவத்தைத் தட்டையான துண்டுகளாக விரித்துத் தரும் பெப்பகுரா என்ற ஜப்பானிய மென்பொருளைக் கொண்டு தடித்த காகிதத்தில் அச்சிட்டு, வெட்டி மடித்து ஒட்டி, ரெசின் என்ற இறுகும் பிசின் திரவமும் ஃபைபர் கிளாஸ் என்ற கண்ணாடி இழையும் பூசி உறுதிப்படுத்துவார்கள். செலவு குறைவு, ஆனால் ரெசின் ஈரத்தில் காகிதம் முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். இன்று அதே மென்பொருளை ஃபோமுக்கான மாதிரித்தாள் எடுக்கப் பயன்படுத்துவதே சிறந்த பயன் என்று நினைக்கிறேன்.

3டி பிரிண்டர் பற்றி: அது அருமையான கருவி, அதில் எனக்கு ஐயமில்லை. வாங்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், அச்சிடுவது மொத்த உழைப்பில் சிறு பங்குதான் என்பது. 0.2 மி.மீ. அடுக்குகளாகப் படிந்து வரும் தலைக்கவசத்தின் மேற்பரப்பில் அத்தனை அடுக்குகளின் கோடும் தெரியும். அவற்றை மறைக்கும் வேலை உங்கள் கைக்குத்தான் வரும். 80 அல்லது 120 எண் உப்புத்தாளில் தொடங்கித் தேய்த்து, வாகனங்களுக்குப் போடும் பட்டியைப் பள்ளங்களில் பூசி, காய்ந்ததும் மறுபடி தேய்த்து, சிறு பள்ளங்களை நிரப்பும் அடிப்பூச்சான ஃபில்லர் பிரைமரைக் கனமாக அடித்து, 220, 400 என்று எண்ணை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இந்தக் கட்டத்தில் கண்ணை நம்பக் கூடாது. சாம்பல்நிறப் பிரைமரின்மேல் தூரத்திலிருந்து கறுப்பு ஸ்ப்ரேயைத் தூவலாக அடித்து, கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தால், மேடான இடங்களில் கறுப்பு அழிந்து சாம்பல் தெரியும். பள்ளங்களில் மட்டும் கறுப்புப் புள்ளிகளும் மெல்லிய கோடுகளும் தங்கி நிற்கும். அந்தக் கறுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் பட்டி பூசி, முழுவதும் சாம்பலாகும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். வாகனங்களுக்கு வண்ணம் அடிப்பவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் வேலை இது. கண்ணாடி போன்ற பளபளப்பு வேண்டுமென்றால் இதைத் தவிர்க்க வழியே இல்லை.

பிரிண்டரில் செய்வதென்று முடிவெடுத்தால், எந்தப் பிளாஸ்டிக் என்பதையும் யோசிக்க வேண்டும். பிஎல்ஏ எளிதாக அச்சிட வரும், எளிதாகத் தேயும். ஆனால் சுமார் 60° செல்சியஸில் இளகத் தொடங்கிவிடும். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் வைத்த பிஎல்ஏ தலைக்கவசம் மாலைக்குள் உருமாறியிருக்கும். பெட்ஜி சுமார் 80° வரையும், ஏபிஎஸ் சுமார் 105° வரையும் தாங்கும். ஏபிஎஸ் அச்சிடும்போது சுருங்கி ஓரம் தூக்கும், அதன் ஆவியும் நல்லதல்ல. சிறிய பிரிண்டரில் தலைக்கவசத்தைத் துண்டுகளாகப் பிரித்து அச்சிட வேண்டியிருந்தால், வெட்டுக்கோட்டைச் சமதளமான கன்னத்தின் நடுவே விடாமல், வடிவத்திலேயே இருக்கும் விளிம்பு அல்லது பள்ளத்தின்மீது விடுங்கள். பட்டி பூசும் வேலையில் பாதி குறைந்துவிடும். தன்னிடம் பிரிண்டர் இல்லாதவர் தலைக்கவசத்தை மட்டும் அச்சிட்டுத் தரும் ஒருவரிடம் கொடுத்து வாங்கி, உடற்கவசத்தை ஃபோமில் செய்வது நல்ல ஏற்பாடு. கடினமான தலைக்கவசமும் வளையும் உடற்கவசமும் ஒரே வண்ணத்தின்கீழ் பார்வைக்கு ஒன்றாகிவிடும்.

வாக்யூம் ஃபார்மிங், சிலிகான் அச்செடுத்து ரெசின் வார்ப்பது, ஃபைபர் கிளாஸைப் படியவைப்பது, தகட்டை அடித்து வளைப்பது ஆகியவை அடுத்த கட்டங்கள். ஒரே துண்டைப் பல பிரதிகள் எடுக்கும் தேவை வரும்போது அவற்றைக் கற்றுக்கொள்ளலாம். இப்போதே தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே எச்சரிக்கை: பிளாட்டினம் வகைச் சிலிகான் கந்தகம் கலந்த களிமண்ணின்மேல் பட்டால் இறுகாமல் பிசினாகவே நின்றுவிடும், மூல வடிவமும் பாழாகும். கந்தகமற்ற களிமண்ணா என்று பார்த்து வாங்க வேண்டும்.

உடல்நலம் பற்றி நான் எதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். பொழுதுபோக்காகச் செய்யும் வேலைக்காக நுரையீரலை இழக்க வேண்டியதில்லை. ரப்பர் பசையின் கரைப்பான் ஆவி, சூடான ஃபோமின் புகை, ரெசினின் நெடி, ஸ்ப்ரே வண்ணம் ஆகியவற்றுக்குத் துணி முகக்கவசமோ தூசி முகக்கவசமோ போதாது. கரிம ஆவிகளை உறிஞ்சும் கரிவடிகட்டி பொருத்திய சுவாசக்கவசம் வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். ஃபைபர் கிளாஸையும் பட்டியையும் தேய்க்கும்போது நுண்தூசி வடிகட்டியைச் சேர்த்துப் போட வேண்டும். ஈர உப்புத்தாளால் தேய்த்தால் தூசி பறப்பதே வெகுவாகக் குறையும். இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் வாகன வார்னிஷ்களில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கும். அதை வீட்டில் அடிக்கவே வேண்டாம். தகுந்த அறையும் கருவியும் உள்ள வண்ணப் பட்டறையில் கொடுத்து அடித்து வாங்குங்கள்.

வண்ணம்தான் ஃபோமையும் பிளாஸ்டிக்கையும் உலோகமாக மாற்றுகிறது. ஃபோமில் முதலில் வளையும் தன்மையுள்ள பூச்சு ஒன்றைப் பல மெல்லிய அடுக்குகளாகக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் உடம்பு அசையும்போது வண்ணம் வெடிக்கும். வெள்ளி அல்லது குரோம் தோற்றத்துக்கு அடியில் பளபளக்கும் கறுப்பு இருக்க வேண்டும். சாம்பல் பிரைமரின்மேல் நேராக அடித்த வெள்ளி வண்ணம் வெறும் சாம்பலாகவே தெரியும். குரோம் வண்ணத்தின்மேல் சாதாரண வார்னிஷ் அடித்தால் அதன் கண்ணாடித்தன்மை மங்கிவிடும் என்பதையும் ஒரு சிறு துண்டில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

போரில் அடிபட்டுப் பழசான தோற்றத்தைக் கொண்டுவருவதில்தான் செய்பவரின் சிந்தனை தெரியும். வெள்ளி வண்ணத்தை முதலில் அடித்து, காய்ந்தபின் உரிந்ததாகக் காட்ட வேண்டிய இடங்களில் திரவ லேடெக்ஸை (ரப்பர் பாலை) சிறு பஞ்சால் ஒற்றி, அதன்மேல் கவசத்தின் நிறத்தை அடித்து, பிறகு லேடெக்ஸை விரலால் உருட்டி எடுத்தால், வண்ணம் பெயர்ந்து அடியிலுள்ள உலோகம் தெரிவது போலவே இருக்கும். ஓரத்தில் வண்ணத்தின் தடிமன்கூடத் தெரியும். தூரிகையால் தீட்டிய கீறலுக்கு அந்தத் தடிமன் வராது. எங்கே ஒற்றுவது என்பதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். கை ஊன்றும் இடம், மண்டியிடும் முழங்கால், துப்பாக்கி உரசும் மார்பின் பக்கம், தலைக்கவசத்தைக் கழற்றப் பிடிக்கும் கீழ்விளிம்பு ஆகியவை உரியும். அக்குளுக்கு அருகிலும் கழுத்தின் மறைவிலும் உரிய வாய்ப்பில்லை, அங்கே அழுக்கு சேரும். கறுப்பும் பழுப்பும் கலந்த நீர்த்த அக்ரிலிக்கைத் தடவி, காயும் முன் துணியால் துடைத்துவிட்டால் பள்ளங்களில் மட்டும் அந்த அழுக்கு தங்கும். துடைக்கும் திசை எப்போதும் மேலிருந்து கீழாக இருக்கட்டும், மழைநீர் வழியும் திசை அதுவே. எல்லா இடத்திலும் சமமாக அழுக்கேற்றிய கவசம் பொய்யாகத் தெரியும்.

அணிவது தனிக் கலை. தலைக்கவசத்தின் உள்ளே வழுக்காத, துவைக்கக்கூடிய பஞ்சுத் துண்டுகளை உச்சியிலும் பின்மண்டையிலும் நெற்றியிலும் வைத்து, தலையைத் திருப்பும்போது கவசமும் உடன் திரும்புகிறதா என்று பாருங்கள். மூச்சுக்காற்றால் கண்ணாடி மங்கும். அதற்கு 5 வோல்ட் சிறு விசிறி இரண்டைப் பவர் பேங்குடன் இணைத்து, ஒன்று வெளிக்காற்றை உள்ளே தள்ளவும் மற்றொன்று வெப்பக் காற்றை வெளியே இழுக்கவும் வைப்பதே நான் அறிந்தவற்றில் நன்றாக வேலை செய்யும் ஏற்பாடு. பெரும்பாலான தலைக்கவசங்களில் காலடி தெரியாது. படிக்கட்டில் ஒருவர் கையைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும், அதில் கூச்சப்பட எதுவுமில்லை. உடற்கவசத்தின் எடை தோளில் இறங்குமாறு உள்ளே நாடாக்கள் கொண்ட தனிச் சட்டகம் அமைத்து, ஒவ்வொரு துண்டையும் எலாஸ்டிக்காலும் கிளிப்பாலும் அதில் தொங்கவிடுங்கள். வெல்க்ரோ வியர்வையில் பிடி தளரும். காந்தம் வைப்பதாக இருந்தால், ஒட்டுவதற்கு முன் எந்த முகம் எதை ஈர்க்கிறது என்று மார்க்கரால் குறித்துவிடுங்கள். சாதாரண நியோடிமியம் காந்தங்கள் சுமார் 80° செல்சியஸுக்கு மேல் பலம் இழக்கும் என்பதால், அவற்றைப் பதித்தபின் அந்த இடத்தில் ஹீட் கன்னைக் காட்டக் கூடாது. முழு உடையையும் வீட்டில் இரண்டு மணி நேரம் அணிந்து, நடந்து, உட்கார்ந்து, குனிந்து, தண்ணீர் குடித்துப் பார்க்காமல் வெளியே அணிந்து செல்லாதீர்கள்.

கடைசியாக, விற்பனை. உங்களுக்காகச் செய்து நீங்களே அணிவதை உரிமையாளர்கள் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. 1997-இல் ஆல்பின் ஜான்சன் தொடங்கிய 501-வது லீஜியன் என்ற தன்னார்வ அமைப்பின் உறுப்பினர்கள் ஸ்டார் வார்ஸ் வில்லன்களின் கவசங்களை மிக நுணுக்கமான தர விதிகளுக்கு உட்பட்டுச் செய்து அணிந்து, நற்பணிகளுக்காகத் தோன்றுகிறார்கள்; லாபம் பார்க்காதது அவர்களுடைய அடிப்படை விதி. விற்கத் தொடங்கினால் நிலை மாறும். ஸ்டார்ம்ட்ரூப்பர் தலைக்கவசங்களை 1976-இல் உருவாக்கித் தந்த ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த் பின்னாளில் அவற்றின் பிரதிகளை விற்றபோது அந்தப் படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபில்ம் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2011-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், அந்தத் தலைக்கவசம் பயன்பாட்டுப் பொருளே தவிரச் சிற்பம் அல்ல, ஆகவே அந்நாட்டில் சிற்பத்துக்குரிய பதிப்புரிமை அதற்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், அமெரிக்கப் பதிப்புரிமை மீறலைப் பற்றிய வழக்கை இங்கிலாந்து நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றும் சொன்னது. ஒரே தலைக்கவசத்துக்கு இரு நாடுகளில் இரு நிலை என்றால், பொதுவான விடை எதையும் நம்பி வியாபாரம் தொடங்க முடியாது என்பது தெளிவு. பெயர், சின்னம் ஆகியவற்றின் வணிகக் குறி உரிமை இதற்கும் மேல் தனியாக இருக்கிறது.

சட்டத்துக்கு அப்பால் இந்த வட்டத்தில் உள்ளவர்கள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் வழக்கங்கள் இரண்டு. இன்னொருவர் உழைத்துச் செய்த தலைக்கவசத்தை வாங்கி, அதன்மேல் அச்செடுத்து வார்த்து விற்பவரை யாரும் மதிப்பதில்லை. அதேபோல், தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வாங்கிய 3டி கோப்பிலிருந்து அச்சிட்டு விற்கக் கூடாது. விற்க வேண்டுமானால் வடிவமைத்தவரிடம் அதற்கான உரிமத்தைத் தனியாகப் பெற வேண்டும். இந்த வேலையில் வருமானம் பார்க்க விரும்பினால், குறும்படம் எடுப்பவர்களுக்கும் மேடை நாடகக் குழுக்களுக்கும் உங்கள் சொந்த வடிவமைப்பில் கவசங்கள் செய்து கொடுங்கள். அளவெடுப்பது முதல் பூச்சு வரை மேலே சொன்ன திறமைகள் எல்லாம் அங்கே அப்படியே பயன்படும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய தேவையும் இருக்காது.